இடிதாங்கியும் திருச்சிலுவையும்

நம் கோவில் கோபுரங்களை அண்ணாந்து பார்ப்போர் பலவற்றின் உச்சியில் இரண்டு பொருள்களைக் காண்பர். ஒன்று திருச்சிலுவை, மற்றொன்று அதன் அருகில் நிற்கும் இடிதாங்கி. சிலுவையின் பொருளை மறைக்கல்வி வகுப்பில் நாம் கற்பிக்கிறோம். இடிதாங்கியைப் பற்றி எவரும் எதுவும் சொல்வதில்லை. ஆண்டவருடைய இல்லத்தை ஆண்டவரே காக்க மாட்டாரா, சிலுவை நிற்கும் இடத்தில் செம்புக் கம்பிக்கு என்ன வேலை என்று ஒருவர் கேட்பாரானால் அது குறும்புக் கேள்வியன்று. விசுவாசம், அறிவு, அச்சம் ஆகிய மூன்றுக்கும் உள்ள உறவு முழுவதும் அக்கேள்விக்குள் அடங்கிக் கிடக்கிறது.

அக்கேள்வி கோபுரத்தோடு நிற்பதும் இல்லை. செபித்த பின் மருந்து உண்பது அவநம்பிக்கையா? மருந்து உண்ட பின் செபிப்பது அறியாமையா? புது வண்டியைக் கோவில் வாசலில் நிறுத்தி மந்திரித்துச் செல்லும் இளைஞனுக்குத் தலைக்கவசம் எதற்கு? கடலன்னையையும் விண்ணக அன்னையையும் வேண்டிப் புறப்படும் மீனவருக்கு வானிலை அறிக்கை எதற்கு? இக்கேள்விகள் நம் பங்குகளில் நாள்தோறும் வாழப்படுகின்றன. ஆனால் வாய்விட்டுக் கேட்கப்படுவதில்லை.

'பகுத்தறிவு' என்ற சொல் நம் நாட்டில் இறைமறுப்பின் மறுபெயர்போல் வழங்கி வருவதும் இதற்கொரு காரணம். கத்தோலிக்க மரபில் அச்சொல்லுக்கு அத்தகைய பகைமை இல்லை. இயல்பான அறிவின் ஒளியால் இறைவனை அறிய இயலும் என்பதை முதல் வத்திக்கான் சங்கம் 1870இல் விசுவாசக் கோட்பாடாகவே வரையறுத்தது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1998இல் விசுவாசத்தையும் பகுத்தறிவையும் பற்றி ஒரு சுற்றுமடலே எழுதி, ஒன்றை விட்டு மற்றொன்று நலிவுறும் என்பதை விளக்கினார். ஆகவே இரண்டும் சேர்ந்து வாழுமா என்பது நம் வினாவன்று. ஆபத்து நேரிடும்போது, அச்சம் நெஞ்சைப் பிடிக்கும்போது, எதற்கு எந்தப் பணி என்பதே நம் வினா.

நாம் இங்கே எடுத்துரைக்க விழைவது ஒன்றுதான். எவ்வளவு அஞ்ச வேண்டும் என்பதை அறிவு அளந்து சொல்ல வேண்டும். யாருக்காக அஞ்ச வேண்டும் என்பதை விசுவாசம் கற்றுத்தர வேண்டும். இவ்விரு பணிகளும் இடம் மாறிவிட்டால் பக்தி ஆபத்தாகும், அறிவு தன்னலமாகும்.

மணியும் மின்னலும்

இடிதாங்கிக்கு ஒரு வரலாறு உண்டு. இடைக்காலம் முதல் ஐரோப்பியக் கோவில்களில், இடி முழங்கும் வேளையில் மணியடிக்கும் வழக்கம் பரவியிருந்தது. மந்திரிக்கப்பட்ட மணியின் ஓசை புயலைக் கலைக்கும், தீய ஆவிகளை விரட்டும் என்று மக்கள் நம்பினர். மின்னலை உடைக்கிறேன் என்று மணியே கூறுவதுபோல் அதன்மீது இலத்தீனில் பொறித்தும் வைத்தனர். ஊரிலேயே உயரமான கட்டடம் கோபுரம். மழையில் நனைந்த கயிறு. அதைப் பிடித்திழுத்துக்கொண்டு நிற்பவன் ஓர் ஏழைக் கோவிற்பணியாளன். விளைவு என்னவாக இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1784இல் செருமனியின் மியூனிக் நகரில் வெளிவந்த ஒரு நூல், முப்பத்து மூன்று ஆண்டுகளில் 386 கோபுரங்கள் மின்னலால் தாக்குண்டன என்றும், மணியடித்தோர் 103 பேர் மாண்டனர் என்றும் கணக்கிட்டுக் காட்டியது.

இதற்கிடையே 1750களில் அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் இடிதாங்கியை உலகுக்கு அறிவித்திருந்தார். அதே பத்தாண்டில் மொராவியா நாட்டில், இன்றைய செக் குடியரசில், பிரிமெத்திச்சே என்னும் சிற்றூரின் பங்குத்தந்தையாகிய புரோகோப் தீவிஷ் என்பவரும் மின்சாரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1754 சூன் மாதத்தில் தம் இல்லத்தருகே உயர்ந்த கம்பம் ஒன்றை நாட்டி, அதன் உச்சியில் கூரிய முனைகள் பலவற்றைப் பொருத்தி, சங்கிலிகளால் நிலத்தோடு இணைத்தார். முகில்களிலுள்ள மின்சாரத்தை அமைதியாக இறக்கிப் புயலையே தணித்துவிடலாம் என்பது அவர் எண்ணம். அவ்வெண்ணம் முழுதும் சரியன்று. ஆனால் கருவி நிலத்தோடு இணைக்கப்பட்டிருந்தமையால் இடிதாங்கியின் பணியைச் செய்யக்கூடியதாக இருந்தது. சில ஆண்டுகளில் அப்பகுதியில் கடும் வறட்சி நேர்ந்தது. பங்குத்தந்தையின் கம்பமே மழையை விரட்டியது என்று நம்பிய ஊரார் திரண்டு வந்து அதைப் பிடுங்கி எறிந்தனர்.

அம்மக்களை எள்ளி நகையாடுவது எளிது, அது நீதியாகாது. விளைச்சல் பொய்த்தால் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அவர்களுடைய அச்சம் மெய்யானது. அது சுட்டிக்காட்டிய இலக்கே பொய்யானது. நோயை விட்டு மருந்தையும், வறட்சியை விட்டுக் கம்பத்தையும் பகைத்தது அவ்வச்சம். அச்சத்தின் இயல்பே அது. கண்ணுக்குத் தெரியாத காரணத்தோடு போராட இயலாதபோது, கைக்கெட்டும் தொலைவில் உள்ள ஒன்றைப் பிடித்து உலுக்கும். அது கம்பமாகவும் இருக்கலாம். அண்டை வீட்டானாகவும் இருக்கலாம்.

படித்தவர்கள் மட்டும் இதற்கு விலக்கானவர்களா? பிரான்சு நாட்டில் சேந்த் ஓமேர் நகரில் ஒருவர் தம் வீட்டின்மீது இடிதாங்கி அமைத்தபோது அண்டை வீட்டார் அஞ்சினர்; நகர அதிகாரிகள் அதை அகற்ற ஆணையிட்டனர். வழக்கு மேல்முறையீட்டுக்குச் சென்று, 1783இல்தான் வீட்டுக்காரருக்குச் சாதகமாக முடிந்தது. அவருக்காக வாதாடிய இளம் வழக்கறிஞரின் பெயர் ரொபெஸ்பியர். அறிவின் சார்பில் அன்று வாதாடிய அதே மனிதரைப் பத்தாண்டுகளுக்குப் பின் பயங்கர ஆட்சியின் தலைவருள் ஒருவராக உலகம் கண்டது. இடியைப் பற்றிய அச்சத்தை நீக்கக் கற்றவர், மனிதருக்கு மனிதர்மேல் அச்சத்தை விதைத்தார். அறிவு மட்டும் போதும் என்போர் இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அச்சத்தின் அளவு

அச்சத்தை அளக்க முடியுமா என்ற கேள்விக்கு, இடிதாங்கிக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னரே ஒரு விடை கிடைத்தது. 1654ஆம் ஆண்டில் பிலேஸ் பாஸ்கல், பெர்மா ஆகிய இரு பிரெஞ்சு அறிஞர்கள் கடிதங்கள் எழுதிக்கொண்டனர். பாதியில் நின்றுபோன சூதாட்டத்தில் பந்தயப் பணத்தை எவ்வாறு பிரிப்பது நேர்மை என்பதே பேச்சு. இனி நடக்கக்கூடியவற்றை எண்ணிக் கணக்கிடும் கலை, இன்று நாம் நிகழ்தகவு என்று வழங்கும் கணிதம், அக்கடிதங்களில் உருப்பெற்றது. அதே ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் இரவில் அதே பாஸ்கல் வாழ்வைப் புரட்டிய ஓர் இறை அனுபவத்தைப் பெற்றார். அதைக் குறித்து எழுதிய தாளைத் தம் மேலங்கியில் தைத்து வைத்திருந்தார். அவர் இறந்த பின்னரே அது கண்டெடுக்கப்பட்டது. நிகழ்தகவும் நெருப்பான செபமும் ஒரே மனிதரிடம் ஒரே ஆண்டில் குடிகொண்டிருந்தன.

பாஸ்கலின் நண்பர்கள் போர் ரொயால் மடத்தைச் சார்ந்தவர்கள். யான்சனியப் போக்கினால் அம்மடம் திருச்சபையோடு முரண்பட்டது. அது வேறு கதை. ஆயினும் அவர்கள் 1662இல் வெளியிட்ட தருக்க நூலின் இறுதி அதிகாரம் நமக்கு மிகவும் பயன்படுவது. இடியோசை கேட்டாலே நடுநடுங்குவோரை அது எடுத்துக்காட்டுகிறது. இடி அவர்களுக்கு இறைவனையும் இறப்பையும் நினைவூட்டுமானால் நன்று. ஆனால் இடியால் சாவோம் என்பதற்காக அஞ்சினால் அது அறிவுக்கு ஒவ்வாது. ஏனெனில் இருபது இலட்சம் பேரில் ஒருவர் அவ்வாறு இறப்பதே மிகுதி என்று அது வாதிடுகிறது. தீமை எவ்வளவு பெரியது என்பதை மட்டும் பார்த்து அஞ்சக்கூடாது. அது நேரிடும் வாய்ப்பு எவ்வளவு என்பதையும் சேர்த்து எடைபோட வேண்டும் என்பது அவர்கள் முடிவு.

இந்த அளவுகோலை நம் வாழ்வில் வைத்துப் பார்ப்போம். விமானத்தில் ஏறும்போது செபமாலையை இறுகப் பற்றும் நாம், விமான நிலையத்துக்குச் செல்லும் சாலையில் அச்சமின்றி உறங்குகிறோம். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று ஒன்றிய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் பெரும் பகுதியினர் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். பாம்பைக் கண்டு பதறுகிறோம். நாள்தோறும் குடிக்கும் சாராயத்தைக் கண்டு பதறுவதில்லை. அயலூரிலிருந்து வந்த முன்பின் அறியாதவனைக் கண்டு பிள்ளைகளை உள்ளே அழைக்கிறோம்; அவர்களுக்கு நேரும் தீங்குகளில் பல, தெரிந்தவர்கள் வழியாகவே வருகின்றன என்பதை மறந்துவிடுகிறோம். அரிதானதும் புதியதும் பெருஞ்சத்தத்தோடு வருவதும் நம் அச்சத்தைக் கவர்ந்துகொள்கின்றன. பழகிப்போனது ஓசையின்றிக் கொல்கிறது.

அளந்து அஞ்சுவது விசுவாசக் குறைவு ஆகாது. கோபுரம் கட்ட விரும்புபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டாமா என்று ஆண்டவர் இயேசுவே லூக்கா நற்செய்தியின் பதினான்காம் அதிகாரத்தில் கேட்கிறார். கணக்கு அவருக்கு அந்நியமானதாகத் தோன்றவில்லை.

அஞ்சாமையும் குற்றமாகலாம்

"விசுவாசி அஞ்சமாட்டான்" என்று மேடைகளில் முழங்கக் கேட்கிறோம். மறைவல்லுநர் புனித தோமா அக்குவினார் அவ்வாறு முழங்கவில்லை. தம் இறையியல் தொகுப்பில் திடம் என்னும் நற்பண்பை ஆராயும்போது, அதற்கு எதிரான குற்றங்களாக மூன்றை நிறுத்துகிறார். முறையற்ற அச்சம் ஒன்று. கண்மூடித்தனமான துணிச்சல் ஒன்று. இவ்விரண்டுக்கும் இடையில் நாம் எதிர்பாராத மூன்றாவதாக, அச்சமே இல்லாதிருத்தல்.

அஞ்சாமை எவ்வாறு குற்றமாகும்? அன்பிலிருந்தே அச்சம் பிறக்கிறது என்பது அக்குவினாரின் விளக்கம். எதை நேசிக்கிறோமோ அதை இழக்க அஞ்சுகிறோம். ஆகவே அஞ்ச வேண்டிய இடத்தில் அஞ்சாதவன், நேசிக்க வேண்டியதை நேசிக்காதவனாக இருக்கலாம். அல்லது தனக்கு ஒன்றும் நேராது என்று செருக்குற்றவனாக இருக்கலாம். அல்லது அறிவு மழுங்கியவனாக இருக்கலாம். நம் வள்ளுவப் பெருந்தகையும் அஞ்சத்தக்கதை அறிந்து அஞ்சுவதை 'அறிவுடைமை' அதிகாரத்தில் வைத்துப் பேசியது இங்கு நினைக்கத்தக்கது. தலைக்கவசம் அணியாமல் விரைபவனிடம் நாம் காண்பது வீரமா? அவனுக்காக வாசலில் விளக்கு வைத்துக் காத்திருக்கும் தாயை அக்கணத்தில் அவன் நேசிக்க மறந்துவிட்டான் என்பதே மெய்.

ஆண்டவரின் வாழ்வே இதற்குச் சான்று. ஆலயத்தின் உச்சியில் நிறுத்தப்பட்டு, குதித்துக் காட்டு, வானதூதர் தாங்குவர் என்று மறைநூலையே மேற்கோள் காட்டிச் சோதிக்கப்பட்டபோது அவர் குதிக்கவில்லை. இறைவனைச் சோதிப்பது விசுவாசமாகாது என்று மறுத்தார். தம்மைக் கொல்லத் தேடியோரிடமிருந்து அவர் பலமுறை விலகிச் சென்றதை யோவான் நற்செய்தி மறைக்காமல் சொல்கிறது. கெத்சமனியில் அவர் திகிலுற்றதையும் மனம் கலங்கியதையும் மாற்கு மறைக்கவில்லை. குதிக்க மறுத்த அவரே சிலுவையை மறுக்கவில்லை. உச்சியிலிருந்து குதித்திருந்தால் யாருக்கு என்ன பயன்? தம் பெருமை ஒன்றே அங்குப் பந்தயப் பொருள். சிலுவையிலோ நாம் அனைவரும் இருந்தோம். ஆபத்து இரண்டிலும் உண்டு. யாருக்காக என்பதில்தான் விண்ணுக்கும் மண்ணுக்கும் உள்ள வேறுபாடு.

விசுவாசம் காப்பீட்டுப் பத்திரமா?

பாஸ்கலின் 'பந்தயம்' பலரும் கேள்விப்பட்டது. இறைவன் உண்டா இல்லையா என்பதில் எப்படியும் ஒரு பக்கம் நின்றாக வேண்டிய மனிதன், இழப்பதற்குச் சிறிதும் பெறுவதற்கு முடிவற்றதும் உள்ள பக்கத்தில் நிற்பதே அறிவுடைமை என்பது அதன் சாரம். சூதாட்டத்தில் ஊறிய நண்பர்களுக்கு அவர்கள் மொழியிலேயே பாஸ்கல் பேசினார். ஆனால் அது பிற்காலத்தில் மலிவான வாணிகமாகத் திரிந்துவிட்டது. தவணை தவறாமல் கட்டினால் விபத்து நேராது என்பதுபோல், காணிக்கை தவறாமல் செலுத்தினால் துன்பம் வராது என்று எண்ணுவோர் நம்மிடையே இல்லையா? துன்பம் வந்துவிட்டால் பத்திரத்தைக் கையிலெடுத்துக்கொண்டு இறைவனிடம் வழக்காட வருகின்றனர். வழக்காடட்டும், யோபுவும் வழக்காடினார். ஆனால் யோபுவிடம் பத்திரம் ஏதும் இல்லை. இலாபம் கருதியா அவன் இறைவனுக்கு அஞ்சி நடக்கிறான் என்பதே அந்நூலின் தொடக்கத்தில் சாத்தான் எழுப்பும் கேள்வி. அக்கேள்வி இன்றும் நம்மை நோக்கி நிற்கிறது.

காப்பீட்டையே இழிவாக நாம் கூறுவதாக எவரும் எண்ண வேண்டா. அதன் வரலாற்றிலும் ஓர் அழகிய பக்கம் உண்டு. 1740களில் ஸ்காத்லாந்து நாட்டில் இராபர்ட் வாலஸ், அலெக்சாந்தர் வெப்ஸ்தர் என்ற இரு பிரெஸ்பித்தேரியப் போதகர்கள், இறந்துபோகும் போதகர்களின் கைம்பெண்களும் பிள்ளைகளும் தெருவில் நிற்பதைக் கண்டு வருந்தினர். ஆண்டுக்கு எத்தனை போதகர் இறப்பர், எத்தனை கைம்பெண்கள் எஞ்சுவர் என்று கணக்கிட்டு, உயிரோடிருப்போர் செலுத்தும் தொகையைக் கொண்டு ஒரு நிதியம் அமைத்தனர். இறப்புக் கணக்கின் அடிப்படையில் எழுந்த தொடக்ககாலக் காப்பு நிதிகளுள் அது ஒன்று. தம் சாவை எண்ணிப் பார்த்த அவர்கள் தம்மைக் காத்துக்கொள்வதற்காக எண்ணவில்லை. பிறர் பசியாறுவதற்காக எண்ணினர். பாஸ்கலின் கணிதம் அங்கே பிறரன்பின் பணியாளாயிற்று. அறிவும் விசுவாசமும் தத்தம் இடத்தில் நின்றால் நிகழ்வது இதுவே.

கதவை அடைத்தலும் கல்லறையை அடைத்தலும்

2020ஆம் ஆண்டின் பாடத்தை நாம் விரைவில் மறந்துவிட்டோம். அவ்வாண்டு மார்ச் 25 முதல் நாடு முழுவதும் முடக்கப்பட்டது. புனித வாரமும் ஏப்ரல் 12 அன்று வந்த உயிர்ப்புப் பெருவிழாவும் மக்களில்லாத கோவில்களில் நடந்தேறின. கோவிலை அடைப்பது விசுவாசக் குறைவு என்று சிலர் வெதும்பினர். வெறும் வெதும்பலன்று அது. நற்கருணைக்கான ஏக்கம் அதில் இருந்தது.

அவர்களுக்குத் திருச்சபையின் வரலாறு ஒரு விடை வைத்திருந்தது. 1576இல் மிலான் நகரைக் கொள்ளைநோய் தாக்கியபோது ஆளுநரும் செல்வர் பலரும் நகரை விட்டகன்றனர். பேராயர் புனித சார்லஸ் பொரோமியோ அகலவில்லை. நோயாளரிடம் சென்றார், தம் உடைமைகளை அவர்களுக்காகச் செலவிட்டார். அதே வேளையில் மக்கள் வீட்டிற்குள் அடைந்திருக்க வேண்டிய காலத்தில், தெருக்கள் கூடும் இடங்களில் பீடங்களை எழுப்பி, சன்னல் வழியே மக்கள் திருப்பலி காணச் செய்தார். அக்காலத்து மருத்துவ அறிவின் எல்லை அவருக்கும் இருந்தது. மக்களைத் திரட்டித் தவப் பவனிகளையும் அவர் நடத்தியதுண்டு. ஆயினும் தமக்கு வரும் ஆபத்தைத் தழுவிக்கொண்டு, பிறருக்கு வரும் ஆபத்தைக் குறைக்க வழிதேடிய அவர் மனத்தின் திசை தெளிவானது. தனக்கு என்றால் துணிவு. பிறருக்கு என்றால் அச்சம். புனிதர்களின் இலக்கணம் இதுவே போலும்.

மக்களைக் காக்கக் கோவிற்கதவு அடைக்கப்பட்ட அதே மாதத்தில் சென்னையில் மற்றொரு கதவும் அடைபட்டது. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு, இறை இரக்கத்தின் ஞாயிறு. அன்று கொரோனாத் தொற்றால் மருத்துவர் ஒருவர் இறந்தார். அவர் உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யவிடாமல் மக்கள் கூடித் தடுத்தனர். வேறோர் இடத்துக்குக் கொண்டு சென்றபோது அங்கும் கும்பல் திரண்டு மருத்துவ ஊர்தியைக் கற்களாலும் தடிகளாலும் தாக்கிற்று. உடன் சென்றோர் காயமுற்றனர். மனைவியும் பிள்ளையும் நிற்க இயலாத அந்த நள்ளிரவில், உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவர் சிலரின் உதவியோடு, தாமே மண்ணைத் தள்ளி அவரை அடக்கம் செய்தார்.

முறைப்படி அடக்கம் செய்யப்படும் உடலிலிருந்து எவருக்கேனும் நோய் தொற்றியதற்குச் சான்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் முந்தைய மாதமே அறிவித்திருந்தது. ஆகவே அக்கூட்டத்தின் அச்சம் அளவிலும் தவறியது; இலக்கிலும் தவறியது. அளவில் தவறியதை அறிவு திருத்தியிருக்கலாம். ஒரு மணி நேர விளக்கம் போதும். ஆனால் விளக்கம் கேட்கும் செவி அவர்களுக்கு ஏன் இல்லை? அந்த ஊர்தியில் இருப்பது யார், தம்மைப் போன்றோருக்கு மருத்துவம் செய்தவரல்லவா என்ற எண்ணம் எழாததனால்தான். தடுத்தவர்கள் எச்சமயத்தார் என்பது நம் கேள்வியன்று. நம் தெருவில் அந்த ஊர்தி வந்திருந்தால் நாம் எப்பக்கம் நின்றிருப்போம் என்பதே கேள்வி. இறந்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களுள் ஒன்றென்று சிறுவயதிலேயே மனப்பாடம் செய்தவர்கள் நாம். மனப்பாடம் அச்சத்தின்முன் நிற்குமா என்பது அச்சம் வரும்போதுதான் தெரியும்.

கோவிற்கதவை அடைத்ததும் அச்சத்தால்தான். கல்லறையை அடைத்ததும் அச்சத்தால்தான். முன்னது பிறருக்காக அஞ்சியது. பின்னது பிறரையே அஞ்சியது.

ஆபத்தைச் சுமப்போர் யார்?

1986இல் செருமானிய சமூகவியலார் உல்ரிக் பெக், நவீனச் சமுதாயத்தை 'இடர்ச் சமுதாயம்' என்று பெயரிட்டு ஒரு நூல் எழுதினார். செர்னோபில் அணு உலை வெடித்த ஆண்டும் அதுவே. முற்கால ஆபத்துகள் பெரும்பாலும் இயற்கையிலிருந்து வந்தன. இக்கால ஆபத்துகளுள் பலவற்றை நம் தொழில்நுட்பமே உண்டாக்குகிறது என்றார் அவர். இதில் கிறிஸ்தவர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. உண்டாக்கப்பட்ட ஆபத்து ஆவியாகிப் போவதில்லை. ஒருவர் தோளிலிருந்து இறங்கினால் மற்றொருவர் தோளில் ஏறுகிறது.

நகரில் நம் வீட்டுக் கழிவு கண்ணுக்கு மறைவாகச் செல்கிறது. அடைப்பு நேர்ந்தால் யாரோ ஒருவர் குழிக்குள் இறங்குகிறார். கையால் மலம் அள்ளும் பணியையும் பாதுகாப்பின்றிக் கழிவுநீர்க் குழிகளில் ஆள் இறக்குவதையும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. சட்டத்துக்குப் பின்னும் நச்சுக்காற்றில் மடிவோர் செய்தி ஓயவில்லை. நம் விழாக்களுக்கு வாணம் செய்து தருபவர் வெடிமருந்தின் நடுவே நாள்முழுதும் அமர்ந்திருக்கிறார். நம் தட்டுக்கு வரும் மீனுக்காகக் கன்னியாகுமரிக் கரையோர மக்கள் நெடுந்தொலைவு கடலில் செல்கின்றனர். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, எச்சரிக்கை எட்டுமுன்னரே பலர் ஆழ்கடலில் இருந்தனர். திரும்பாதவர்களுக்காக அக்கரையின் கோவில்கள் அழுதன. அவர்கள் துணிவைப் பாடிப் புகழ்ந்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளலாகாது. தகவல் கருவியும் உயிர்காக்கும் அங்கியும் உரிய நேரத்து எச்சரிக்கையும் அவர்களுக்குக் கிடைக்கச் செய்வது விசுவாசத்தின் கடமைகளுள் ஒன்று. நமக்காக ஆபத்தைச் சுமப்பவருக்காக அஞ்சத் தெரியாத பக்தி, எத்தனை நவநாள் கண்டாலும் நிறைவுபெறாது.

தூய ஆவியார் அருளும் ஏழு கொடைகளுள் அறிவும் உண்டு, திடமும் உண்டு, தெய்வ பயமும் உண்டு. ஒரே ஆவியார் இம்மூன்றையும் ஒருசேர அருள்வதில் ஆழ்ந்த பொருள் இருக்கிறது. தெய்வ பயத்தையும் அக்குவினார் இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறார். தண்டனைக்கு அஞ்சுவது அடிமையின் அச்சம். தந்தையைப் புண்படுத்த அஞ்சுவது பிள்ளையின் அச்சம். நிறை அன்பு விரட்டிவிடும் என்று யோவானின் முதல் திருமுகம் கூறும் அச்சம் முன்னது. அன்பு வளர வளரப் பின்னதும் வளரும்.

பலகைகளைப் பற்றிக்கொண்டு

திருத்தூதர் பணிகள் நூலின் இருபத்தேழாம் அதிகாரத்தை வாசகர்கள் ஒருமுறை பொறுமையாக வாசிப்பார்களாக. கைதியாக உரோமைக்குக் கப்பலில் கொண்டு செல்லப்படும் பவுல், பருவம் தப்பிவிட்டது, பயணம் வேண்டா என்று முதலிலேயே எச்சரிக்கிறார். கப்பலின் உரிமையாளரும் தலைவரும் சொன்னதை நம்பி அதிகாரி புறப்படுகிறார். புயல் வருகிறது. பல நாள் கதிரவனும் விண்மீனும் காணாமல் அனைவரும் நம்பிக்கை இழந்தபோது, உயிர்ச்சேதம் நேராது என்ற இறைவாக்கைப் பவுல் அறிவிக்கிறார்.

இனி என்ன கவலை என்று அவர் கைகட்டி அமரவில்லை என்பதே நாம் காண வேண்டியது. கப்பலோட்டிகள் தாம் மட்டும் தப்பிக்கச் சிறு படகை இறக்கியபோது, இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்க முடியாது என்று படைவீரரை எச்சரிக்கிறார். வாக்குறுதி உண்டு, ஆயினும் கப்பலோட்டத் தெரிந்தவர் வேண்டும். பதினான்கு நாள் பட்டினி கிடந்தோரை வற்புறுத்தி உண்ணச் சொல்கிறார். அப்பத்தை எடுத்து, எல்லார் முன்னிலையிலும் இறைவனுக்கு நன்றி கூறிப் பிட்டு, தாமும் உண்கிறார். அந்தக் கப்பலில் இருந்தோர் 276 பேர் என்று லூக்கா எண்ணிச் சொல்கிறார். கைதி, காவலர், வணிகர் என்ற வேறுபாடு அந்த எண்ணிக்கையில் இல்லை. கைதிகள் தப்பிவிடுவர் என்றஞ்சி அவர்களைக் கொல்ல நினைத்த வீரரும் அதில் உண்டு. கொல்லப்பட இருந்தவரும் உண்டு.

கப்பல் உடைந்தது. கடல் நடுவே பாதை பிளக்கவில்லை. வானதூதர் எவரும் தூக்கிச் செல்லவில்லை. நீந்தத் தெரிந்தவர் நீந்தினர். ஏனையோர் பலகைகளையும் கப்பலின் உடைந்த துண்டுகளையும் பற்றிக்கொண்டு சென்றனர். அனைவரும் கரை சேர்ந்தனர். இறைவனின் வாக்கு நிறைவேறிய விதம் அது.

நம் காலத்துக் கடலும் அமைதியாக இல்லை. பலகைகளை வீசி எறியாத விசுவாசமும், சிறு படகில் தனியே நழுவிச் செல்லாத அறிவும் நமக்கு வேண்டும் என்று மன்றாடுவோம். கரை சேரும்போது நம் அருகில் எத்தனை பேர் இருக்கின்றனர் என்று ஆண்டவர் எண்ணிப் பார்ப்பார்.